இல்லச் சமையலும் உறைய வைத்த உணவும்

நாட்டின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது வேளாண்மை, தொழில், போக்குவரத்து ஆகியன நினைவுக்கு வருகின்றன. சமையலறை நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் நாள்தோறும் கோடிக்கணக்கான இல்லங்களில் மிகுதியான உழைப்பு செலவிடப்படும் இடம் அதுவே. அவ்வுழைப்புக்கு ஊதியம் இல்லாமையால் நாட்டு வருமானக் கணக்கில் அது இடம்பெறுவதில்லை. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களில், சமையலுக்கு வேண்டிய நேரம் எங்கிருந்து வரும் என்னும் வினா இன்று எழுந்துள்ளது. கடைகளின் உறைபெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள பட்டாணி, பரோட்டா, கட்லெட், சமைத்து முடித்த பிரியாணி ஆகியவை இவ்வினாவுக்கு ஒரு விடையாக முன்வைக்கப்படுகின்றன.

இவ்விடையைப் பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. ஆலையிலிருந்து வரும் உணவு அனைத்தும் உடலுக்குக் கேடு என்பது ஒன்று. இல்லத்திலேயே எல்லாவற்றையும் சமைப்பது காலத்துக்கு ஒவ்வாதது என்பது மற்றொன்று. இரண்டுமே முழு உண்மை அல்ல. எந்த உணவு, எந்த அளவில், யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது, என்ன விலைக்கு மிச்சப்படுத்துகிறது என்று பகுத்துப் பார்த்தால் மட்டுமே தெளிவான முடிவுக்கு வர இயலும்.

புள்ளிவிவரங்கள் காட்டும் நிலை

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022-23ஆம் ஆண்டில் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஊரகக் குடும்பங்களின் மாதச் செலவில் 46.38 சதவீதமும் நகரக் குடும்பங்களின் செலவில் 39.17 சதவீதமும் உணவுக்குச் சென்றன. இவ்வுணவுச் செலவில் தானியங்களின் பங்கு இன்று மிகச் சிறியது. பானங்கள், பதப்படுத்திய உணவு முதலியன அடங்கிய பிரிவே பெரிய இடத்தைப் பிடித்துள்ளது. ஊரகத்தில் அது மொத்தச் செலவில் 9.62 சதவீதமாகவும், நகரத்தில் 10.64 சதவீதமாகவும் இருந்தது. விலைக்கு வாங்கும் சமைத்த உணவும் தேநீரும் பிறவும் இப்பிரிவில் சேர்ந்துள்ளன. எனவே இதனை உறைய வைத்த உணவின் கணக்காகக் கொள்ளுதல் கூடாது. எனினும், பிறர் தயாரித்துத் தரும் உணவுக்குக் குடும்பங்கள் பணம் செலவிட முன்வந்துள்ளன என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது.

நேரப் பயன்பாட்டு ஆய்வு வேறொரு செய்தியைத் தருகிறது. 2019ஆம் ஆண்டில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபட்டனர். ஆண்களில் அவ்வாறு ஈடுபட்டோர் 26.1 சதவீதத்தினரே. ஈடுபட்ட பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண் ஒருவர் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டின் ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகவும், ஆண்களின் நேரம் 88 நிமிடமாகவும் இருந்தன. சமையலோடு துப்புரவு, துணி துவைத்தல் போன்ற பணிகளும் இக்கணக்கில் அடங்கும். ஐந்தாண்டுகளில் பெண்ணின் சுமை பத்து நிமிடமே குறைந்தது. ஆணின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. கடையில் பொருட்கள் பெருகிவிட்டால் மட்டும் இல்லத்தில் வேலைப் பங்கீடு மாறிவிடாது என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் பாடமாகும்.

உணவுப் பாதுகாப்பில் மரபும் புதுமையும்

உணவை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. பீகாரின் சத்து மாவு, வங்காளத்தின் பருப்பு வடி, குஜராத்தின் காக்கரா, சிக்கிமில் கீரையைப் புளிக்க வைத்து உலர்த்தும் குந்துருக், தமிழகத்தின் வற்றலும் வடகமும் ஆகிய அனைத்தும் ஓய்வுள்ள நாளின் உழைப்பை ஓய்வற்ற நாளுக்குச் சேமித்து வைக்கும் முறைகளே. வெயில், உப்பு, புளிப்பு, எண்ணெய் ஆகியவை அக்காலத்தில் சேமிப்புக் கருவிகளாக விளங்கின. அவ்வரிசையில் குளிர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

அமெரிக்கரான கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, 1912ஆம் ஆண்டுக்குப் பின்னர் வட அமெரிக்காவின் லாப்ரடார் பகுதியில் தங்கியிருந்தபோது, பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், பல நாட்களுக்குப் பின் சமைத்தாலும் அதன் சுவை குன்றாதிருப்பதையும் கண்டார். மெதுவாக உறையும் உணவில் பெரிய பனிப் படிகங்கள் உண்டாகித் திசுக்களைக் கிழிக்கின்றன. விரைவாக உறையும் உணவில் படிகங்கள் சிறியனவாக இருப்பதால் திசுக்கள் சிதைவதில்லை. இவ்வுண்மையின் அடிப்படையில் அவர் உருவாக்கிய முறையில் தயாரான உணவுகள் 1930ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

இந்தியாவில் இத்தொழில் முதலில் வேர்விட்டது அயல்நாட்டார் உண்பதற்காகவே. 1950களில் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. உள்நாட்டு இல்லங்களுக்கென்று இம்முறை பரவியதில், தேசியப் பால்வள வாரியத்தின் முயற்சியால் 1988ஆம் ஆண்டில் டில்லியில் தொடங்கப்பட்ட பழம், காய்கறித் திட்டத்துக்கும் பங்கு உண்டு. குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் பச்சைப் பட்டாணியைக் கோடையிலும் மழைக்காலத்திலும் வாங்க இயலும் என்பதை வட இந்திய நகரக் குடும்பங்கள் இவ்வகையில் அறிந்துகொண்டன.

மூன்று வகைகளாகப் பகுத்தல்

உறைபெட்டியில் உள்ள அனைத்தையும் ஒரே பெயரால் அழைப்பதே குழப்பத்துக்குக் காரணம். பயன் நோக்கி அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மூலப்பொருள் வகை. பட்டாணி, மக்காச்சோளம், நறுக்கிய பீன்ஸ், சுத்தம் செய்த மீன் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் பொதுவாக உப்போ எண்ணெயோ சேர்க்கப்படுவதில்லை. உரித்தல், நறுக்குதல், கழுவுதல் ஆகிய வேலைகளே மிச்சமாகின்றன. சமையல் இல்லத்திலேயே நடைபெறுகிறது.

இரண்டாவது, பாதி தயாரான வகை. பரோட்டா, கட்லெட், சமோசா, உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவை இதில் சேரும். கல்லில் சுடுவதும் எண்ணெயில் பொரிப்பதும் மட்டுமே இல்லத்தில் எஞ்சும். கொழுப்பும் உப்பும் எவ்வளவு என்பதை ஆலையே தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாவது, முழுமையாகச் சமைத்த உணவு. சூடாக்கி உண்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நேரம் மிகுதியாக மிச்சமாவது இதிலேதான். விலை மிகுதியாவதும், உணவின் மீது குடும்பத்துக்குள்ள கட்டுப்பாடு குறைவதும் இதிலேதான்.

சத்தைப் பொறுத்தவரை முதல் வகைக்கு எதிரான அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. உறைய வைக்குமுன் காய்கறிகளை வெந்நீரில் சிறிது நேரம் இடுவதால் வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகளில் ஒரு பகுதி குறைவது உண்மை. ஆனால் பறித்த காய் சந்தையிலும் வீட்டிலும் பல நாட்கள் கிடக்கும்போதும் அச்சத்து குறைந்துகொண்டே செல்கிறது. அன்று பறித்த காயே சிறந்தது. அது கிடைக்காத இடத்தில், வாடிய காயைவிட முறையாக உறைய வைத்த காய் தாழ்ந்ததன்று.

இரண்டாம், மூன்றாம் வகைகளில் கவனிக்க வேண்டியது உப்பும் கொழுப்புமாகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குச் சமம். பொட்டலத்தின் மீது 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒருவர் 200 கிராம் உண்டால், 1,200 மில்லிகிராம், அதாவது நாள் அளவில் ஐந்தில் மூன்று பங்கு, ஒரே வேளையில் தீர்ந்துவிடுகிறது. இல்லத்தில் இரத்த அழுத்தம் உள்ள முதியவர் இருப்பின் இக்கணக்கு அலட்சியப்படுத்தத் தக்கதன்று.

2019-21ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயதுப் பெண்களில் 24 சதவீதத்தினர் மிகை எடை கொண்டிருந்தனர். சத்துக் குறைவும் கொழுப்பு மிகுதியும் ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே இல்லத்தில், அருகருகே நிற்கின்றன. கீரை, பருப்பு, காய், பழம் ஆகியவற்றுக்குப் பதிலாகப் பொரித்த பண்டம் தட்டில் இடம்பெறுமானால் இரண்டு குறைகளும் ஒருங்கே பெருகும்.

வாங்கப்படும் நேரத்தின் விலை

குடும்பத்தின் தேர்வை எளிய பொருளாதாரக் கணக்கு ஒன்றால் ஆராயலாம். உறைய வைத்த பொருளுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை, அதனால் மிச்சமாகும் நேரத்தால் வகுத்தால், வாங்கப்படும் நேரத்தின் விலை கிடைக்கும்.

உரித்துத் தரப்பட்ட பட்டாணிக்குக் கூடுதலாக 20 ரூபாய் செலவாகி, 20 நிமிடம் மிச்சமாவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தின் விலை 60 ரூபாய். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு முழுமையாகச் சமைத்த உணவை வாங்குவதால் 400 ரூபாய் கூடுதலாகி, ஒரு மணி நேரம் மிச்சமாவதாகக் கொள்வோம். அந்நேரத்தின் விலை 400 ரூபாய். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. எனினும் முதல் வகையில் நேரம் மலிவாகவும், மூன்றாம் வகையில் அரிதாகவும் கிடைக்கிறது என்னும் போக்கை ஒவ்வொரு குடும்பமும் தன் கடைக் கணக்கைக் கொண்டே சரிபார்க்க இயலும்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அது இல்லத்திலேயே சமைத்து உறைய வைத்தலாகும். நாள்தோறும் வெங்காயமும் தக்காளியும் நறுக்கி வதக்க 25 நிமிடம் ஆகுமெனில், ஐந்து நாட்களுக்கு 125 நிமிடம். ஞாயிறன்று மொத்தமாக வதக்கி ஐந்து பங்காக்கி வைக்க 45 நிமிடம் போதுமெனில், 80 நிமிடம் மிச்சம். பெருந்தொழிலுக்கு உரியதாகக் கருதப்படும் பேரளவு உற்பத்தியின் சிக்கனம் இங்கு ஓர் அடுப்பிலேயே கைகூடுகிறது. உப்பும் எண்ணெயும் இல்லத்தாரின் கையிலேயே இருக்கின்றன.

எல்லாப் பண்டமும் இதற்கு ஏற்றதன்று. வேக வைத்த ராஜ்மா, கொண்டைக்கடலை, பருப்பு, வதக்கிய மசாலா, இஞ்சி பூண்டு விழுது, துருவிய தேங்காய் ஆகியவை நன்கு தாங்கும். தயிர் திரிந்துவிடும், வேக வைத்த முட்டையின் வெண்கரு ரப்பர் போலாகும், வெள்ளரிக்காய் குழைந்துவிடும், குழம்பில் வெந்த உருளைக்கிழங்கு தன்மை கெடும்.

குளிர்த் தொடர் அறுபடாதிருத்தல்

உறைய வைத்தல் கிருமிகளைக் கொல்வதில்லை. அவற்றின் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. உணவு உருகினால் அவை மீண்டும் பெருகத் தொடங்கும். எனவேதான் ஆலை முதல் அடுப்பு வரை பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் குளிர் தொடர்ந்து காக்கப்பட வேண்டும் என்பது அளவுகோலாயிற்று. இரவில் உறைபெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிடும் கடையும், வெயிலில் நிற்கும் வண்டியும் இத்தொடரை அறுத்துவிடுகின்றன.

வாங்குபவர் இதனைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. பொட்டலத்தைக் கையால் அசைத்தால் பட்டாணி தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டியிருப்பின், அது முன்பே ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கலாம். அத்தகைய பொட்டலத்தைத் தவிர்த்தல் நன்று. உறைய வைத்த பொருளைக் கடையில் இறுதியாக எடுத்து, வீட்டில் முதலாவதாக உள்ளே வைத்தல் வேண்டும்.

உருக வைப்பதைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்துச் செய்தல் தக்கது. சமையல் மேடையில் வைத்தல் கூடாது. உருகிய பச்சை இறைச்சியையும் மீனையும் சமைக்காமல் மீண்டும் உறைய வைக்கலாகாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விடாமல், ஆழமற்ற சிறு பாத்திரங்களில் ஆற வைத்து உள்ளே வைத்தல் வேண்டும். ஒரு வேளைக்கு உரிய பங்காகப் பிரித்து, தேதி எழுதி வைத்தால், எது பழையது என்னும் ஐயம் எழாது. மின்தடையின்போது பெட்டியின் கதவைத் திறவாதிருத்தல் குளிரைப் பல மணி நேரம் காக்கும்.

ஒரு வாரத் திட்டம்

கணவனும் மனைவியும் அலுவலகம் செல்லும், பள்ளிக் குழந்தைகள் இருவரும் முதியவர் ஒருவரும் உள்ள ஒரு நகரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் 21 வேளைகள். அவற்றில் 15 வேளைகளுக்கு அன்றன்றே சமைக்கலாம். உறைய வைத்த பட்டாணியும் ஞாயிறன்று வதக்கிய மசாலாவும் அச்சமையலை விரைவாக்கும். நான்கு வேளைகளுக்கு இல்லத்திலேயே வேக வைத்து உறைய வைத்த ராஜ்மாவோ பருப்போ கைகொடுக்கும். சோறோ சப்பாத்தியோ மட்டும் அன்று செய்தால் போதும். எஞ்சிய இரண்டு வேளைகளை ஆலைத் தயாரிப்புக்கு ஒதுக்கலாம். பரோட்டா வாங்கிய இரவில் உடன் உண்பதற்குக் காய்கறிக் குருமாவும் தயிரும் இருப்பின் அவ்வேளை உணவு சமநிலை பெறும்.

இவ்வெண்ணிக்கை சட்டமன்று. தேர்வுக் காலத்திலும், நோயுற்ற நாட்களிலும், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் மாதத்திலும் அது மாறலாம், மாறுவதில் குற்றமில்லை. முழுமையாகச் சமைத்த பொட்டலத்தை அவசரக் கையிருப்பாகக் கருதுவதே பொருத்தம். கையிருப்பை நாள்தோறும் செலவழித்தால் அது கையிருப்பாக நீடிக்காது.

ஆனால் இத்திட்டத்தின் உயிர்நாடி ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரத்தில் உள்ளது. அந்த இரண்டு மணி நேரமும் மனைவி ஒருவரின் தலையிலேயே விழுமானால், திட்டம் அவருடைய ஓய்வு நாளையும் பறித்துக்கொண்டதாக முடியும். காய் நறுக்குவது கணவனின் பொறுப்பு, பங்கு பிரித்துத் தேதி எழுதுவது பிள்ளைகளின் பொறுப்பு என்று வேலை வகுக்கப்பட்டால் மட்டுமே மிச்சமாகும் நேரம் குடும்பத்துக்கு உரியதாகும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே வகையில் இப்பயிற்சி அளிக்கப்படுமாயின், அடுத்த தலைமுறையின் நேரக் கணக்கு வேறாக அமையும்.

அரசின் பொறுப்பு

குடும்பத்தின் விவேகம் மட்டும் போதாது. 2019-21ஆம் ஆண்டின் குடும்ப நல ஆய்வின்போது, நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு குடும்பங்களிலேயே குளிர்பதனப் பெட்டி இருந்தது. மற்றவர்களுக்கு உறைய வைத்த உணவைப் பற்றிய அறிவுரை பயன்படாது. அண்மையிலுள்ள சந்தையில் நல்ல காய் கிடைப்பதே அவர்களுக்குத் தேவை. இரு சாராருக்கும் பொதுவாகப் பயன்படுவது வயலிலிருந்து தொடங்கும் குளிர்த் தொடராகும். அறுவடைக்குப் பிந்திய இழப்பு காய்கறிகளில் 4.87 முதல் 11.61 சதவீதம் வரையிலும், பழங்களில் 6.02 முதல் 15.05 சதவீதம் வரையிலும் இருப்பதாக 2022ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 2017ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் கிசான் சம்பதா திட்டத்தில் ஒருங்கிணைந்த குளிர்த் தொடருக்கு நிதியுதவி இடம்பெற்றதன் நோக்கமும் இவ்வீணழிவைக் குறைப்பதே.

வரிக் கொள்கையும் தட்டின் மீது தாக்கம் கொண்டது. சப்பாத்திக்குக் குறைந்த வரி விதிக்கப்பட்டிருக்க, பொட்டலப் பரோட்டாவுக்கு 18 சதவீதம் என்று கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் 2020ஆம் ஆண்டில் கூறியபோது நாடெங்கும் விவாதம் எழுந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சப்பாத்தி, பரோட்டா இரண்டுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி நீக்கப்பட்டது. வேறுபாடு அகன்றமை நன்று. ஆனால் வரி நீங்கியதால் பரோட்டாவின் கொழுப்பு நீங்கிவிடவில்லை. விலை குறையும்போது விழிப்பு கூடுதலாக வேண்டும்.

அதற்குத் துணையாக நிற்பது பொட்டலத்தின் மீதுள்ள விவரச் சீட்டு. ஆற்றல், கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவற்றை அச்சிடுதல் 2020ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் கட்டாயமாக்கப்பட்டது. எழுத்து சிறிதாகவும், மொழி பலருக்குப் புரியாததாகவும் இருக்கும் வரை அச்சட்டத்தின் பயன் முழுமை பெறாது. மாநில மொழிகளில், தெளிவான எழுத்தில் இவ்விவரங்கள் கிடைக்கச் செய்வதும், கடைகளின் உறைபெட்டி வெப்பநிலையை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் தவறாது சோதிப்பதும் பெருஞ்செலவு கோராத சீர்திருத்தங்கள்.

முடிவுரை

இல்லச் சமையலும் உறைய வைத்த உணவும் ஒன்றையொன்று அகற்ற வேண்டிய பகைகள் அல்ல. மூலப்பொருளை உறைநிலையில் தாராளமாக வாங்கலாம். பாதி தயாரானதை எண்ணி வாங்கலாம். முழுமையாகச் சமைத்ததை அவசரத்துக்கென வைத்துக்கொள்ளலாம். இல்லத்தில் சமைத்ததை உறைய வைத்து இம்மூன்றுக்கும் நடுவே பாலமாக்கலாம். இச்சமநிலையை அளந்தறிய ஒரு வினா போதுமானது: உணவால் மிச்சமான அரை மணி நேரம் யாரிடம் சேர்ந்தது? இதுவரை அடுப்படியில் நின்றவரிடம் அது ஓய்வாகவோ, படிப்பாகவோ, குழந்தைகளுடன் அமர்ந்து உண்ணும் பொழுதாகவோ சேருமாயின், அக்குடும்பத்தின் உணவுத் திட்டம் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம்.